பிஸ்டல் தோட்டா போடும் ரிவால்வர்: எதை வாங்குவது, எப்படி ரீலோடு செய்வது?

புதுக்கை:

வணக்கம் எல்லோருக்கும். என்னிடம் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று இருக்கிறது. சுட்ட காலிக் கூட்டில் புது வெடிமருந்தும் புல்லட்டும் வைத்து, அதற்கான தோட்டாவை நானேதான் ரீலோடு செய்கிறேன். தோட்டாவை அழுத்தும் பிரஸ், கூட்டுக்கு வடிவம் தரும் டை, பித்தளைக் கூடுகள் எல்லாம் சேர்ந்துவிட்டது. இப்போது ரிவால்வர் ஆசை வந்திருக்கிறது. .38 ஸ்பெஷல் எடுத்தால் இன்னொரு டை செட், இன்னொரு அளவு புல்லட் என்று மேசை நிறைந்துவிடும். அதனால் 9 மி.மீ.யே போடும் ரிவால்வராகப் பார்க்கிறேன். .45 ஏசிபி என்ற பெரிய பிஸ்டல் தோட்டாதான் இதில் நிஜமான சுகம் என்கிறார்கள் சிலர். தோட்டாக்களைக் கொத்தாகப் பிடிக்கும் தகடான மூன் கிளிப் என்றாலே தலைவலி என்கிறார்கள் வேறு சிலர். எதைப் பார்த்து வாங்குவது? பிஸ்டலுக்கு ஏற்றும் தோட்டாவே ரிவால்வருக்கும் சரிவருமா?

பழையஇரும்பு:

தம்பி, முதலில் ரிம்மைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரிவால்வர் தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு ஒன்று உண்டு. அது இரண்டு வேலை பார்க்கிறது. தோட்டா அறைக்குள் மேலும் இறங்காமல் நிறுத்துவது ஒன்று. சுட்ட பிறகு எக்ஸ்ட்ராக்டர் பிடித்துத் தள்ளுவதற்கு இடம் கொடுப்பது இன்னொன்று. பிஸ்டல் தோட்டாவில் விளிம்பு வெளியே நீட்டாது, மேகசினில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போக வேண்டுமே. அடியில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும். அதை ரிவால்வரில் போடும்போது அந்த இரண்டு வேலையையும் வேறு ஏதாவது செய்தாக வேண்டும். எந்த மாடலைப் பார்த்தாலும் அதை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிராண்டு அப்புறம்.

இது பழைய கதை. 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது எம்1911 பிஸ்டல்கள் போதவில்லை. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டு கம்பெனிகளும் தங்கள் பெரிய ரிவால்வர்களை .45 ஏசிபிக்கு மாற்றிச் செய்து கொடுத்தன. இரண்டுக்கும் எம்1917 என்றே பெயர். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 3 லட்சம். மூன்று தோட்டாக்களை அவற்றின் பள்ளத்தில் கவ்விப் பிடிக்கும் அரைவட்ட எஃகுத் தகடு கூடவே வந்தது, அதுதான் ஹாஃப் மூன் கிளிப். இரண்டு தகடு வைத்தால் சிலிண்டர் நிறைந்துவிடும். ஆறையும் ஒன்றாகப் பிடிக்கும் ஃபுல் மூன் பின்னால் வந்தது.

பழைய எம்1917 கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கோல்ட் முதலில் செய்தவற்றில் அறைகள் நேராகத் துளைத்தவை, தோட்டாவை நிறுத்தும் படி உள்ளே கிடையாது. கிளிப் இல்லாமல் போட்டால் தோட்டா முன்னால் சரிந்துவிடும், ஃபயரிங் பின் சரியாக எட்டாது. ஸ்மித்தில் படி உண்டு. கிளிப் இல்லாமலும் சுடலாம், ஆனால் காலிக் கூடுகளை ஒவ்வொன்றாக நகத்தாலோ குச்சியாலோ தள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. .455 வெப்லி ரிவால்வர்கள் பலவற்றில் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி, .45 ஏசிபி கிளிப் போடும்படி மாற்றி விற்றிருக்கிறார்கள். கிளிப் அழகாக உட்காரும், தோட்டாவும் வெடிக்கும். ஆனால் சாதாரண .45 ஏசிபியின் அழுத்தமே அந்தத் துப்பாக்கி தாங்குமா என்று பார்க்கச் சுடும் அதிக அழுத்தச் சோதனைத் தோட்டா அளவுக்குப் போகிறது. அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் சோதனைச் சூடு. அப்படி மாற்றிய வெப்லியில் கடைத் தோட்டா போடவே கூடாது.

எட்டறை:

ஐயா சொன்னது சரி. நான் போட்டிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். போட்டியில் ரிவால்வர் சுடுபவர்களில் பெரும்பாலானோர் கிளிப் துப்பாக்கிதான் வைத்திருப்பார்கள். வேகம்தான் காரணம். ரிம்முள்ள தோட்டாக்களை மொத்தமாகப் போட உதவும் பிடிப்பானான ஸ்பீட்லோடரில் தோட்டாவை வைத்து, குமிழைத் திருகி அல்லது அழுத்தி, லோடரைத் தூக்கிப் போட வேண்டும். கிளிப்பில் அதெல்லாம் இல்லை, எல்லாம் ஒரே துண்டாக உள்ளே போகும், ஒரே துண்டாக வெளியே வரும். போட்டி வீரர் ஜெர்ரி மிகுலெக் 1999ல் ஆறு சுட்டு, மாற்றி, மறுபடி ஆறு சுட்டது 2.99 விநாடியில். அவர் கையில் இருந்தது .45 ஏசிபி ஸ்மித் 625.

வேகத்துக்குக் கிளிப் மட்டும் காரணமில்லை, கூட்டின் நீளமும்தான். .357 மேக்னம் கூடு கிட்டத்தட்ட 33 மி.மீ., .38 ஸ்பெஷல் 29. .45 ஏசிபி 23 கூட இல்லை, 9 மி.மீ. 19 தான். கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடின் நீளம் மாறுவதில்லை, ஆகவே குட்டைக் கூடு முழுசாக வெளியே வந்துவிடும். நீளக் கூடுகளில் ஒன்று பாதியில் தொங்கிக்கொண்டு நிற்கும் அவஸ்தை இதில் அநேகமாக இல்லை.

அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பான யூஎஸ்பிஎஸ்ஏவின் ரிவால்வர் பிரிவில் வெகுகாலம் ஆறு தோட்டாதான் கணக்கு. அதனால் 625 ராஜாவாக இருந்தது. 2014ல் மைனர் எனும் குறைந்த சக்தி வகுப்பில் எட்டு வரை சுடலாம் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு ஸ்மித்தின் எட்டறை 9 மி.மீ. மாடலான 929 வந்தது. புல்லட் எடையை கிரெயினில், வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்று எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் மைனருக்குக் குறைந்தது 125, கூடுதல் சக்தியான மேஜருக்கு 165. 9 மி.மீ. மைனரைச் சுலபமாகத் தாண்டும். இப்போது போட்டிக்கு என்று வாங்கினால் எட்டறை 9 மி.மீ.தான் என் கட்சி. .45ஐச் சுட்டுப் பார்த்தால் மனசு மாறும் என்பதும் உண்மை. அதன் உதை தள்ளுவதுபோல வரும், சுள்ளென்று அடிக்காது.

சந்தேகப்பிராணி:

எல்லோரும் கிளிப்பைப் புகழ்கிறீர்கள். பையில் போட்டுக்கொண்டு நடப்பவன் கதையையும் கேளுங்கள். கிளிப் மெல்லிய தகடு. லேசாக வளைந்தாலும் சிலிண்டர் சுழல்வது இறுகும், ட்ரிகர் கனக்கும், சில அறையில் ஹாமர் அடித்தும் வெடிக்காது. ஸ்பீட்லோடர் உடைந்தால் தோட்டாவைக் கையால் போடலாம். கிளிப் இல்லாத 9 மி.மீ. ரிவால்வரில் கூட்டை எதை வைத்து வெளியே எடுப்பது? 9 மி.மீ. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ரிவால்வரில் போட வேண்டுமா? .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கென்றே 1898ல் பிறந்தது. அதற்கு என்ன குறைச்சல்?

எட்டறை:

.38க்குக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஆனால் அது கறுப்பு வெடிமருந்துக் காலத்துக் கூடு, நீளமாக இருக்கிறது, உள்ளே பாதி காலி. அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ. 9 மி.மீ.க்கு 35,000. குட்டைக் குழலில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். .357 ரிவால்வராக வாங்கினால் .38, .357 இரண்டையும் போடலாம்தான். ஆனால் இரண்டு அங்குலக் குழலில் .357 தரும் வெளிச்சமும் சத்தமும் பயிற்சியைக் கெடுத்துவிடும்.

வளையும் கிளிப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். காலிக் கிளிப்பை சிலிண்டரில் வைத்து, மூடி, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள், நிமிர்த்தப் பார்க்காதீர்கள். கிளிப்பை வெறும் கையால் பிதுக்கிக் கழற்றுவதால்தான் பாதி கிளிப் வளைகிறது. மாட்டவும் கழற்றவும் தனித்தனிக் கருவி இருக்கிறது, துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கிவிட வேண்டும்.

பழையஇரும்பு:

கிளிப்பே இல்லாமல் 9 மி.மீ. தள்ளும் ரிவால்வர்களும் வந்திருக்கின்றன, அதைச் சொல்ல விட்டுப்போயிற்று. ஸ்மித்தின் 547, 1980 முதல் 1985 வரை. எக்ஸ்ட்ராக்டரில் சின்னஞ்சிறு விரல்கள் வைத்து, அவை கூட்டின் பள்ளத்தில் கவ்வும்படி செய்தார்கள். அருமையான வேலைப்பாடு. செய்து கட்டுப்படியாகாத வேலைப்பாடும்கூட, அதனால்தான் நிலைக்கவில்லை. இன்று சார்ட்டர் ஆர்ம்ஸின் பிட்புல் அதே பிரச்சினையை ஸ்பிரிங் வைத்த எக்ஸ்ட்ராக்டரால் தீர்க்கிறது. சந்தேகப்பிராணி சாருக்கு அது பிடிக்கலாம். தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும், ஆனால் வளைய எதுவும் இல்லை.

ஒவ்வொரு முறையும் ஹாமரைக் கையால் இழுத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷன் பக்கம் போனால் இந்தத் தகராறே கிடையாது. ரூகர் பிளாக்ஹாக் கன்வர்ட்டிபிளில் .357 சிலிண்டரோடு 9 மி.மீ. சிலிண்டர் ஒன்றும் சேர்ந்து வரும், .45 கோல்ட்டோடு .45 ஏசிபி சிலிண்டர் வரும் மாடலும் உண்டு. அதில் எஜெக்டர் கம்பி அறைக்குள் முன்பக்கமாக நுழைந்து, கூட்டின் உள்ளிருந்து தள்ளுகிறது. ரிம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் பொறுமை இருந்தால் மேசையில் ஒரே டை செட்டோடு பிழைத்துக்கொள்ளலாம். குழல் .357க்கானது, 9 மி.மீ. புல்லட் .355. குறியில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டிவரலாம்.

பித்தளைப்பொறுக்கி:

ரீலோடிங் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தவகை ரிவால்வரில் துப்பாக்கி, கிளிப், பித்தளை மூன்றும் ஒரே பொருள். தனித்தனியாக வாங்கினால் தனித்தனியாகத் தகராறு செய்யும்.

பித்தளையின் அடியில் இருக்கும் பள்ளம் எல்லாக் கம்பெனியிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. அகலமும் மாறும், ஆழமும் மாறும். பிஸ்டலுக்கு அது பொருட்டே இல்லை, எக்ஸ்ட்ராக்டர் கொக்கி எதையும் பிடித்துக்கொள்ளும். கிளிப்புக்கு அதுதான் உயிர். பள்ளம் அகலமாக இருந்தால் தோட்டா கிளிப்பில் ஆடும், ஆடினால் அறைவாயில் முட்டும். பள்ளம் குறுகலாக இருந்தால் கிளிப் ஏறாது, அழுத்தி ஏற்றினால் தகடு வளையும். அதனால்தான் கிளிப் செய்பவர்கள் பல தடிப்பில் விற்கிறார்கள், எந்தப் பித்தளைக்கு எந்தத் தடிப்பு என்று பட்டியலும் போடுகிறார்கள். .45இல் இந்தத் தொல்லை குறைவு, 9 மி.மீ.யில் அதிகம். ரேஞ்சில் பொறுக்கிய கலவைப் பித்தளையை ரிவால்வருக்குக் கொடுக்காதீர்கள். அடியில் ஒரே கம்பெனி முத்திரை உள்ள பித்தளையைப் பிரித்து வைத்து, அதற்கு ஏற்ற கிளிப்பை வாங்குங்கள். என் பெயருக்கே விரோதமான அறிவுரைதான், என்ன செய்ய!

இதில் ஒரு சந்தோஷம், கிளிப் ரிவால்வரில் பித்தளை தரையில் சிதறாது. சுட்டவை எல்லாம் ஒரே கொத்தாகக் கைக்கு வரும். ஒருமுறை பிரித்து வைத்தால் பிரித்தது பிரித்தபடியே இருக்கும்.

அடுத்து பருமன். பிஸ்டல்களின் அறை தாராளமாக இருக்கும், சுட்ட கூட்டின் அடி கொஞ்சம் புடைத்திருக்கும். சைஸ் டை கடைசி வரை இறங்காமல் விட்டால் அந்தப் புடைப்பு போகாது. பிஸ்டலில் ஒரு தோட்டா தடித்திருந்தால் அது ஒன்றுதான் சிக்கும். கிளிப்பில் ஒன்று தடித்திருந்தால் மொத்தக் கொத்தும் உள்ளே இறங்காது. நிறைந்த கிளிப் தன் எடையிலேயே சிலிண்டரில் விழ வேண்டும். கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ சரியில்லை. அளவு பார்க்கும் துளைக் கருவியான கேஸ் கேஜில் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பிரைமர், கூட்டின் அடியில் அடி பட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி. உயரமாக நிற்கும் பிரைமரை ரிவால்வர் மன்னிக்காது, பின்தட்டில் உரசி சிலிண்டரே நின்றுவிடும். விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும், கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். போட்டிக்காரர்கள் ஸ்பிரிங்கை இலகுவாக்குகிறார்கள், அதற்கு ஈடாக மென்மையான பிரைமர் தேவைப்படுகிறது. ஃபெடரல் கம்பெனி பிரைமரை அவர்கள் விடாமல் தேடுவது அதற்காகத்தான். .45 பித்தளையில் பெரிய பிரைமர், சின்ன பிரைமர் இரண்டு வகையும் புழங்குகிறது, கலந்துவிட்டால் பிரஸ்ஸில் நசுங்கும்.

புதுக்கை:

இவ்வளவு இருக்கிறதா! சரி, புல்லட்டைப் பிடிக்கக் கூட்டின் வாயை இறுக்கும் கிரிம்ப்? பிஸ்டல் தோட்டாவுக்கு டேப்பர் கிரிம்ப் லேசாகத்தான் கொடுக்கிறேன். ரிவால்வரில் புல்லட் முன்னால் நகரும் என்று ஒருவர் சொன்னார், புரியவில்லை.

பித்தளைப்பொறுக்கி:

சரியாகப் பிடித்தீர்கள், ரீலோடு செய்பவருக்கு இதுதான் முக்கியமான இடம். ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது. பக்கத்து அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் கூட்டை கிளிப்போ ரிம்மோ பிடித்துப் பின்னால் இழுக்கிறது. உள்ளே இருக்கும் புல்லட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பிடி போதவில்லை என்றால் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். சிலிண்டர் முகத்தைத் தாண்டி நீட்டினால் குழலின் அடியில் முட்டி சுழற்சி நின்றுவிடும். மேகசினில் இதற்கு நேரெதிர். அங்கே புல்லட் உள்ளே தள்ளப்படுவதுதான் கவலை. பிஸ்டல் தோட்டா செய்பவர்கள் அந்தக் கவலைக்குத்தான் பழகியிருக்கிறார்கள்.

ரிவால்வர் தோட்டாவில் புல்லட்டில் ஒரு வரிப்பள்ளம் இருக்கும், கூட்டின் வாயை அதற்குள் மடித்து ரோல் கிரிம்ப் கொடுத்துவிடலாம். 9 மி.மீ. புல்லட்டில் பெரும்பாலும் அந்தப் பள்ளம் கிடையாது. எனவே புல்லட்டைப் பிடித்திருப்பது கிரிம்ப் அல்ல, கழுத்தின் இறுக்கம். கிரிம்ப்பை இன்னும் அழுத்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. அளவு மீறி அழுத்தினால் உள்ளே ஈயம் நசுங்கி அப்படியே நிற்கும், பித்தளை மட்டும் ஸ்பிரிங்போல சற்று விரிந்து திரும்பும், முன்பிருந்த பிடியும் போய்விடும். வாயை விரிக்கும் எக்ஸ்பேண்டரைச் சற்றே சின்னதாக்குங்கள், புல்லட் உட்காரத் தேவையான அளவுக்கு மேல் விரிக்காதீர்கள்.

சோதிப்பது சுலபம். கேலிப்பரால் ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்து, அடையாளம் போட்டு, சிலிண்டரில் வையுங்கள். மற்ற அறைகளை எல்லாம் சுட்டுவிட்டு, அதை மட்டும் சுடாமல் எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்த லோடு அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. துப்பாக்கி இலகுவாக, புல்லட் கனமாக ஆக இந்த வியாதி கூடும். அரைக் கிலோ எடையுள்ள ரூகர் எல்சிஆரில் 147 கிரெயின் நகரக்கூடிய இடத்தில் 115 கிரெயின் அசையாமல் நிற்கலாம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள 929இல் இரண்டுமே சும்மா இருக்கும்.

எட்டறை:

.45காரர்களுக்கு இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு, ஐயா சொல்வார் என்று பார்த்தேன்.

பழையஇரும்பு:

ஆட்டோ ரிம்தானே? 1920ல் பீட்டர்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. .45 ஏசிபியேதான், அடியில் மட்டும் தடித்த ரிம். கிளிப்பும் தோட்டாவின் விளிம்பும் சேர்ந்து எடுக்கும் இடத்தை அந்த ரிம் ஒன்றே அடைக்கும். கிளிப் வேண்டாம். ரிவால்வரில் மட்டுமே போகும் என்பதால் பள்ளமுள்ள ஈயப் புல்லட் போட்டு ரோல் கிரிம்ப் கொடுத்துவிடலாம். ஸ்டார்லைன் இன்றும் அந்தப் பித்தளையைச் செய்கிறது. பிரஸ்ஸில் கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் மட்டும் தனி. நிதானமாகச் சுடும் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் அமிர்தம்.

சந்தேகப்பிராணி:

கிளிப்பை வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்கிறீர்கள், பார்த்தீர்களா! இந்த மனுஷர் ரிம்முள்ள தோட்டாதான் போடுகிறார்.

பழையஇரும்பு:

போட்டிக்கு இல்லை சார், கிழவனுக்கு. இரண்டும் ஒரே துப்பாக்கியில் போகிறது என்பதுதான் .45இன் வசதி. 10 மி.மீ.யிலும் கொஞ்சம் இதே வசதி. ஸ்மித் 610, ரூகரின் ஜிபி100 பத்து மி.மீ. மாடல் எல்லாவற்றிலும் அதே கிளிப்பில் .40 தோட்டாவையும் போடலாம். கிளிப்தான் நிறுத்தி வைக்கிறது, கூடு குட்டையாக இருந்தால் பரவாயில்லை. அறைக்குள் கரி வளையம் படியும், நீளக் கூடு போடுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

பித்தளைப்பொறுக்கி:

தோட்டாவை அறைக்குள் சரியான இடத்தில் நிறுத்துவது (ஹெட்ஸ்பேஸ்) கிளிப்தான் என்பதால் ரீலோடருக்கு இன்னொரு விடுதலையும் உண்டு. பிஸ்டலில் ஸ்லைடைத் தள்ள ஒரு குறைந்தபட்ச சக்தி வேண்டும், புல்லட் முனை ஏறு சரிவில் வழுக்க வேண்டும். ரிவால்வருக்கு இரண்டும் தேவையில்லை. மெதுவான லோடு, தட்டை முனை, எது வேண்டுமானாலும் சுடும். போட்டிக்கு மட்டும் உருண்ட முனை நல்லது, அறைவாயைத் தேடித் தானே நுழையும்.

ஆனால் அந்த மெதுவான லோடுகளில்தான் ஆபத்தும் இருக்கிறது. மருந்தே விழாத தோட்டா ஒன்று வந்தால் பிரைமர் மட்டும் வெடித்து, புல்லட் குழலில் போய் நின்றுவிடும். பிஸ்டலில் ஸ்லைடு நகராது, அங்கேயே நிறுத்திவிடுவீர்கள். ரிவால்வர் நிற்காது. ட்ரிகரை இழுத்தால் அடுத்த அறை வந்து, அடைத்த குழலுக்குள் அடுத்த புல்லட் போகும். சத்தம் மந்தமாக இருந்தால், உதை குறைவாக இருந்தால் விரலை எடுத்துவிட்டு, துப்பாக்கியை இறக்கி, குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம் இரட்டை மருந்து. .45 கூடு வாய் அகன்றது, வேகமாக எரியும் மருந்து ஒரு சிட்டிகைதான் போடுகிறோம், இரண்டு முறை விழுந்தாலும் வெளியே வழியாது. புல்லட் வைப்பதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். மருந்தின் அளவை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள், யாருடைய பதிவிலிருந்தும் வேண்டாம். என் பதிவிலிருந்தும்தான்.

புதுக்கை:

எல்லோருக்கும் நன்றி. எடை உள்ள ஆறோ ஏழோ அறை 9 மி.மீ. ஒன்றுக்கு மனசு சாய்ந்திருக்கிறது. ஸ்மித் 986 ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தேன். பயன்படுத்தியதாகக் கிடைத்தால் எதைச் சோதிக்க வேண்டும்? அப்புறம், கடைசியாக ஒன்று, பிஸ்டலுக்கும் இதற்கும் ஒரே லோடு முடியுமா, முடியாதா?

எட்டறை:

986க்கு ஏழு அறை, டைட்டானியம் சிலிண்டர். அறைக்குள்ளே கடினமான பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், டைட்டானியத்தின் மேற்பூச்சு போய்விடும். பழையது என்றால் முதலில் காலி என்று உறுதி செய்துகொண்டு, ட்ரிகரை மெதுவாக இழுத்து ஹாமர் விழும் நேரத்தில் சிலிண்டர் பூட்டிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு அறைக்கும் பாருங்கள். சிலிண்டரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், நன்றாக அசைந்தால் வேண்டாம். விற்பவர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் அவருடைய பிரைமருக்கு வெடித்தது உங்கள் பிரைமருக்கு வெடிக்காமல் போகலாம். எந்தக் கிளிப், எந்தப் பித்தளை பயன்படுத்தினார் என்றும் கேட்டு, அந்தக் கிளிப்புகளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பித்தளைப்பொறுக்கி:

ஒரே லோடு முடியும். பிஸ்டல்தான் இதில் கறார் பேர்வழி, அதற்கு ஸ்லைடு தள்ளும் சக்தியும் மேகசினில் அடங்கும் நீளமும் வேண்டும். ஆகவே பிஸ்டலில் தடங்கலில்லாமல் ஓடும் லோடு ஒன்றை எடுத்து, ரிவால்வரில் நீளச் சோதனை செய்யுங்கள். இரண்டிலும் தேறினால் மேசையில் அது ஒன்று போதும். பித்தளையை மட்டும் பிரியுங்கள். ஒரே முத்திரை உள்ளது கிளிப்புக்கு, மிச்சமெல்லாம் பிஸ்டலுக்கு. பின்னால் மெதுவான ரிவால்வர் லோடு செய்ய ஆசை வந்தால் வேறு நிறப் புல்லட்டில் செய்து, வேறு டப்பாவில் வையுங்கள், பிஸ்டலில் தவறிப் போட்டால் அதனால் ஸ்லைடைத் தள்ள முடியாது.